நிறுத்தின கை

எங்கள் டவுன்ஷிப்பில் ஆட்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள். வெளியூரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் முதல் நாள் மிரண்டுபோய், "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்று சமையல்கட்டில் ரகசியமாக விசாரிப்பார்கள். சண்டை ஒன்றும் இருக்காது. நிலக்கரி மைன்ஸில் இரைந்து ஓடுகிற பெல்ட் பக்கத்தில் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வந்த மனுஷன் ரசத்துக்கு உப்புக் கேட்டாலும் ஊரைக் கூட்டுகிற மாதிரிதான் கேட்பான். இந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒருவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்பதை யார் கண்டுபிடிப்பது? பெல்ட்டில் வேலை பார்க்கிற இசக்கிமுத்துவுக்குப் பேச்சு சரியாகக் கேட்பதில்லை என்பது அவர் பெண்டாட்டி சுப்புலட்சுமிக்கே தெரியாது. "கேக்குது, கேக்குது" என்று சொல்லியே அவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தது அவர் குற்றம்தான். மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக உருளைகள் இருக்கும். ஒன்று கெட்டுப்போகப் போகிறதென்றால் முன்கூட்டியே முனகும். காதை அடைத்துக்கொண்டால் அந்த முனகல் எப்படிக் கேட்கும் என்பது அவர் கட்சி. கேட்டுக் கேட்டுக் காது கைவிட்ட பிறகு, பெல்ட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மீசை முளைத்த கையோடு வந்த மனுஷன் ரிட்டையர்மெண்ட் வரைக்கும் அப்படியே வந்துவிட்டார். காது மட்டும் அவருக்கு முன்னாலேயே ரிட்டையர் ஆகிவிட்டது.

பெல்ட் ஓடும்போது வாயால் பேசிப் பிரயோசனமில்லை. எல்லாம் கைதான். தண்ணீர் வேண்டும், டீ வந்துவிட்டது, சூப்பர்வைசர் வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. அதில் இரண்டுதான் முக்கியம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தால் 'நிறுத்து'. யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். காட்டியவன் நேற்றுச் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆளா, பெரிய அதிகாரியா என்று பார்க்கக் கூடாது. ஏன் என்றும் கேட்கக் கூடாது. வலது கையைத் தூக்கி வட்டம் போட்டால் 'எடுத்து விடு'. இதை மட்டும் எல்லோரும் காட்டிவிட முடியாது. எவன் நிறுத்தினானோ அவன்தான் வட்டம் போட வேண்டும். எதிர்முனையில் நிற்கிறவன் பதிலுக்கு ஒரு வட்டம் போடுவான். அப்புறம்தான் பெல்ட் நகரும்.

இதை மறந்ததால் இசக்கிமுத்துவுக்குக் கிடைத்த சிநேகிதர்தான் பெரியண்ணன். வடலூருக்குப் பக்கத்தில் காலனி. அப்பன் ஆத்தா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும், இவர் காலத்தில் மைன்ஸில் கான்ட்ராக்ட். பெல்ட்டிலிருந்து சிந்துகிற மண்ணை வாரிப் போடுகிற வேலை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் பெல்ட் மேல் ஒரு நாய்க்குட்டி ஜம்மென்று சவாரி வருவதைப் பார்த்துக் கையைக் குறுக்காகத் தூக்கிவிட்டார். பெல்ட் நின்றது. குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஷிப்டும் முடிந்தது, அப்படியே சைக்கிள் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே அடுத்த ஷிப்ட் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நிறுத்தினவன் இல்லாமல் எடுத்துவிட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் இசக்கிமுத்து ஜீப்பை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனார். பெரியண்ணன் கருவாட்டுக் குழம்பு விட்டுச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். கை கழுவக்கூட விடாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, குழம்புக் கையாலேயே வட்டம் போட வைத்தார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம். வயதில் மூத்தவர் இசக்கிமுத்து. ஆனால் பெயரிலேயே அண்ணன் இருப்பதால் அவரும் 'பெரியண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டு பேரும் மாறி மாறி அண்ணே போட்டுக்கொள்வதைக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

இந்தக் கைகள் குவார்ட்டர்ஸுக்குள்ளும் வந்தன. ஒரே மகள் இளவேனில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதுதான் விளையாட்டு. பிள்ளை கூடத்தில் ஓடும். அப்பா கையைக் குறுக்காகத் தூக்குவார். தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிடும். வட்டம் போட்டால்தான் அடுத்த எட்டு. ஒரு முறை நிறுத்திவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தால் பிள்ளை ஒற்றைக் காலில் நின்றபடி அழுகிறது. "காலை இறக்க வேண்டியதுதானட்டி?" என்று வாரி எடுத்தார். "நீங்கதான நிறுத்துனீங்க?" என்றது.

அப்படிப்பட்ட பிள்ளை மூன்று வருஷமாக வீட்டுக்கு வரவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போனவள், சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு பாட்டுக் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தாள். குழுவுக்குப் பெயர் 'நாயுருவி'. ஒரு பொங்கலுக்கு வந்தவள், வேலையை விட்டுவிட்டேன், இனிமேல் இதுதான் என்றாள். இசக்கிமுத்துவுக்குக் கோபத்தில் வார்த்தை வரவில்லை. கூடத்தில் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினார்.

இளவேனில் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு பையை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். "நிறுத்துனவங்கதாம்மா எடுத்து விடணும். அதுவரைக்கும் நான் இங்க வரமாட்டேன்."

இசக்கிமுத்துவின் கோபம் பொங்கல் கரும்பு காய்வதற்குள் ஆறிவிட்டது. பெற்ற பிள்ளை மேல் எத்தனை நாள்தான் கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? ஆனால் போனைக் காதில் வைத்தால் மாவு மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. மகள் பேசுகிறாள் என்று தெரிகிறது, என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை. "கேக்குது, கேக்குது. நல்லாருக்கியா? சரி, அம்மாட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார். காது விஷயம் மெடிக்கல் பரிசோதனையில் தெரிந்தால் பெல்ட்டை விட்டு எடுத்து ஏதாவது ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஆரம்பித்த ஒளிவு, வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. அப்பாவுக்கு இன்னும் கோபம் தணியவில்லை என்று மகள் நினைத்தாள். சுப்புலட்சுமியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, அவருக்குத் தட்டு வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

இப்போது ரிட்டையர்மெண்ட் வந்துவிட்டது. எங்கள் ஊரில் ரிட்டையர் ஆகிறவரைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். மாலை போட்டு, மேடை போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்புறம் பூ சுற்றிய காரில் ஏற்றி, வேட்டுப் போட்டுக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கல்யாணத்துக்கு அடுத்தபடி மனுஷனுக்கு அதுதான் ஊர்வலம். அடுத்த மாசக் கடைசியில் இசக்கிமுத்துவின் முறை. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸையும் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும்.

சுப்புலட்சுமி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "பிள்ள வராம நான் அந்த மேடையில ஏறமாட்டேன். உங்க பெல்ட்டுக்கு மாலையப் போட்டு உக்கார வச்சுக்கிடுங்க."

"அவ வந்தா நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

"வான்னு கூப்பிட்டீங்களா? அவ பொறந்து வளந்த வீடு. சாவியக் குடுக்கதுக்கு முன்ன ஒரு தடவ அவ கால் படாண்டாமா?"

இசக்கிமுத்து தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவள் சொன்னதில் பாதி கேட்டது. மீதி முகத்தில் தெரிந்தது.

வழி பிறந்தது பெரியண்ணனால்தான். 'நாயுருவி' பாட்டென்றால் பெரியண்ணனுக்கு உயிர். நம்ம அண்ணன் பொண்ணு வாசிக்கிறதாச்சே என்று போனில் போட்டுப் பார்த்தவர், கேட்டுக் கேட்டுப் பித்தாகிவிட்டார். காலனிக் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்றைக்குக்கூட ஸ்பீக்கரில் அதைப் போட்டு, சாமி வரவேண்டிய நேரத்தில் சாமி வராமல் பூசாரியிடம் ஏச்சு வாங்கினார். அந்த 'நாயுருவி' பாண்டிச்சேரிக்குக் கச்சேரி பண்ண வருகிறது என்றதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டாளி தங்கராசுவைப் பிடித்தார். முன்பு இவர்களோடு பெல்ட்டில் மண் வாரியவர்தான் தங்கராசு. கான்ட்ராக்டை விட்டுவிட்டு இப்போது வடலூரில் ஒரு பழைய ஆம்னி வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். இரண்டு பேரும் வேனோடு வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார்கள்.

"நான் வரல, பெரியண்ணே. அந்தக் கூட்டத்துல நான் என்ன செய்ய?" என்றார் இசக்கிமுத்து.

"என்னாண்ணே இப்பிடி சொல்றீங்க? ஊர்ல உள்ள பசங்கல்லாம் எங்கெங்கேருந்தோ அடிச்சி புடிச்சி வந்துகினு இருக்கறானுங்க. பெத்தவரு நீங்க வூட்டுல குந்திகினு டிவி பாப்பீங்களா?"

"பாட்டுக்குழுவுக்கு வைக்கதுக்கு வேற பேரே கெடைக்கலியா? வேட்டியில ஒட்டுத செடி."

"ஒட்டிகிச்சின்னா லேசுல வுடாதில்லண்ணே, அதான் வெச்சிருக்கும். எனக்கு ஒட்டிகிச்சே!"

தங்கராசு ஸ்டீரிங்கிலிருந்து தலையை நீட்டினார். "அண்ணே, பொண்ணுகிட்ட சொல்லவே இல்ல. தூரமா நின்னு பாத்துட்டு வந்துருவோம். புடிக்கலன்னா கடல்ல கால நனைச்சிட்டு வந்துகினே இருப்போம்."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சுப்புலட்சுமி புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கையில் புளிச்சோற்றுத் தூக்கு, எள்ளுத் துவையல், ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. அவள் வேனில் ஏறி உட்கார்ந்த தோரணையைப் பார்த்த பிறகு இசக்கிமுத்து சட்டையை மாட்டிக்கொள்ளப் போனார்.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினார்கள். டவுன்ஷிப் மரங்களின் நிழல் ஆர்ச்சோடு முடிந்துபோய், வெளியே வந்ததும் அனல் அடித்தது. தூரத்தில் மைன்ஸிலிருந்து தோண்டிக் கொட்டிய மண் மலை மலையாகக் கிடந்தது. வடலூரில் பஸ்களுக்கு நடுவே புகுந்து, சபை இருக்கிற திசையைப் பார்த்துத் தங்கராசு ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. தோப்புக்குள்ளிருந்து பழ வாடை புளிப்பாக வந்தது. பெரியண்ணன் கையடக்க ஸ்பீக்கர் ஒன்றைச் சீட்டில் வைத்துப் பாட்டைப் போட்டுக்கொண்டே வந்தார். சுப்புலட்சுமி டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

"என்னாங்கண்ணி இது? உருண்டையா, கெட்டியா?"

"முந்திரிக்கொத்து. எங்கூருப் பலகாரம். அவளுக்குப் பிடிக்கும்."

பெரியண்ணன் கடித்து மென்று, நாக்கால் துழாவினார். "இன்னா அண்ணி, முந்திரியவே காணோம்? நம்மூரு முந்திரிக்கா பஞ்சம்?"

"அதுல முந்திரி கெடையாது. பாசிப்பயறும் கருப்பட்டியும்தான். பேரு அப்படி."

"எங்க பக்கத்துல வந்துகினு முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து சுட்டிருக்கீங்களே, இது ஞாயமா? தங்கராசு, குள்ளஞ்சாவடில நிறுத்து. ஒரு கிலோ வாங்கி அண்ணி டப்பாவுல கொட்டுவோம்." சொல்லிக்கொண்டே அடுத்ததையும் எடுத்துக்கொண்டார்.

குள்ளஞ்சாவடியில் நிறுத்தவும் நிறுத்தினார்கள். டீ குடித்தார்கள், சாலையோரம் பலாச்சுளை வாங்கினார்கள். வேன் கிளம்பியதும் பெரியண்ணன் இசக்கிமுத்துவின் தொடையைத் தட்டினார்.

"இந்தப் பாட்டு முக்கியங்கண்ணே. மண்ணு வாரறவனப் பத்தின பாட்டு. நடுவுல எல்லாம் நின்னுபூட்டு ட்ரம்ஸு மட்டும் தனியா வரும் பாருங்க, கண்ண மூடிகினா நம்ம பெல்ட்டு ஓடற மாதிரியே இருக்கும்."

இசக்கிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பெரியண்ணன் சீட்டின் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, தானும் கூடவே பாடிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்து பாட்டு நின்றுவிட்டது. பாட்டு நின்றது தெரிந்தும் பெரியண்ணனின் விரல் நிற்கவில்லை. அவருக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே. வேன் தடதடத்துக்கொண்டு ஓடியது.

இசக்கிமுத்து ஒரு கண்ணைத் திறந்து அந்த விரலைப் பார்த்தார். தானும் முழங்காலில் தட்ட ஆரம்பித்தார். "நல்லாருக்கு, பெரியண்ணே. கேக்குது, கேக்குது. நல்லா அடிக்கா" என்றார்.

பெரியண்ணனின் விரல் நின்றது. தங்கராசு கண்ணாடியில் பார்த்தார். முன்சீட்டிலிருந்து சுப்புலட்சுமி மெல்லத் திரும்பினாள்.

"ஏங்க, பாட்டு எப்பமோ நின்னுட்டு."

"ஆமா, நல்லாருக்கு" என்றார் இசக்கிமுத்து.

எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. திருடிப் பிடிபட்ட பையன் மாதிரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கராசு வேனை ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினார். சுப்புலட்சுமி இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள்.

"எத்தன நாளா?"

அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது புரிந்தது. "நாலஞ்சு வருசம் இருக்கும். சத்தம் கேக்குது. வார்த்தைதான் விளங்கமாட்டேங்கு. எதிர்ல நின்னு பேசுனா வாயப் பாத்துச் சமாளிச்சுக்கிடுவேன்."

"போன்ல?"

"போன்ல எங்கட்டி வாயத் தேட?"

சுப்புலட்சுமிக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. "படுபாவி மனுசா! அவ மாசாமாசம் கேக்காளே, அப்பாவுக்குக் கோவம் போச்சாம்மான்னு. நானும் இல்ல, இன்னும் கல்லு மாதிரிதான் இருக்காருன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே. நீங்க பேச மாட்டேங்கீங்கன்னு ரெண்டு பேரும் சேந்து உங்கள வையாத நாளு இல்ல."

"நான் பேச மாட்டேன்னா நெனச்சேன்? அவ என்னமோ கேப்பா, நான் என்னமோ சொல்லித் தொலைப்பேன். அப்பனுக்குக் காதும் போச்சான்னு பிள்ள நெனச்சிரக் கூடாதுன்னுதான்." அவர் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தக் கையக் காட்டினது தப்புத்தான் சுப்பு. வெளயாட்டுக்குக் காட்டுன கை அது. கோவத்துல அதயே காட்டிட்டேன்."

சுப்புலட்சுமி உடனே மகளுக்குப் போன் போடப் போனாள். இசக்கிமுத்து அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். நேரில் சொல்லிக்கொள்கிறேன், என் காதைப் பற்றி நானே சொல்ல வேண்டும் என்றார். புளியமரத்தடியிலேயே தூக்கைத் திறந்து சாப்பிட்டார்கள். இத்தனை நாள் டங்கென்று தட்டு வைத்தவள் அன்றைக்கு அவருக்குத் துவையலை இரண்டாம் முறையும் வைத்தாள். பெரியண்ணன் ஏதோ பெரிய தப்பைச் செய்துவிட்டவர் மாதிரி ஸ்பீக்கரைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

கடலூரைத் தாண்டிப் பாண்டிச்சேரி போய்ச் சேரும்போது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. கடலை ஒட்டிய திடல். கிழிந்த கால்சட்டையும் கறுப்புச் சட்டையுமாகப் பிள்ளைகள் திமுதிமுவென்று போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலைமுடி மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. வாசலில் நின்ற காவல்காரர் சுப்புலட்சுமியின் டப்பாவைப் பார்த்து, வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்றார். அவள் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "எம்பொண்ணுக்குக் கொண்டு போறேன் தம்பி. அவதான் உள்ள மேளம் அடிக்கா." அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு வழியை விட்டார்.

பெரியண்ணன் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் எல்லோரையும் முன்வரிசையில் நிறுத்திவிட்டார். தூரமாக நிற்கலாம் என்ற பேச்செல்லாம் காற்றோடு போயிற்று. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே இரும்புத் தடுப்பு. புழுக்கத்துக்கு அங்கங்கே ஆள் உயர மின்விசிறிகளை வைத்திருந்தார்கள். அதில் ஒன்று இவர்களுக்குப் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருந்தது.

விளக்குகள் எரிந்தன. 'நாயுருவி' மேடைக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பின்னால், உயரமான பலகை மேல், பளபளக்கிற தட்டுகளுக்கு நடுவே இளவேனில் உட்கார்ந்தாள்.

"முடிய வெட்டிட்டாளே!" என்றாள் சுப்புலட்சுமி. முதலில் அதுதான் வந்தது. அப்புறம், "எளச்சிட்டா" என்றாள்.

பாட்டு ஆரம்பித்ததும் இசக்கிமுத்துவின் காதில் விழுந்தது மொத்தமாக ஓர் இரைச்சல். அதில் எது பாட்டு, எது மகள் அடிப்பது என்று பிரிக்கத் தெரியவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் கூடவே கத்திப் பாடினார்கள். இத்தனை பேருக்குக் கேட்கிறது, பெற்றவனுக்குக் கேட்கவில்லையே என்று இருந்தது. மகளுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சமெல்லாம் மேடையில் இருந்ததால் அவள் இவர்களைப் பார்க்கவில்லை.

மூன்றாவதோ நான்காவதோ அந்த மண் வாருகிறவன் பாட்டு வந்தது. பெரியண்ணனைப் பிடிக்க முடியவில்லை. தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு குதித்தார். நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் ஓய்ந்து ட்ரம்ஸ் மட்டும் தனியாக வந்தது. கூட்டத்தின் மேல் விளக்கைத் திருப்பினார்கள். பெரியண்ணன் சுழற்றின துண்டின் ஒரு முனையை அந்த மின்விசிறி சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. மறுமுனை அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

சுழல்கிற இயந்திரம், அதில் மாட்டின துணி, துணியில் மாட்டின ஆள். ஆயுசு முழுக்க பெல்ட்டில் எதற்குப் பயந்தாரோ அது இசக்கிமுத்துவின் கண்முன்னால் நடந்தது. அவர் யோசிக்கவில்லை. இரண்டு கையும் தாமாகத் தலைக்கு மேல் போய்க் குறுக்காக நின்றன. "நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

நின்றிருக்க வேண்டியது ஃபேன். நின்றது பாட்டு.

துண்டு அதற்குள் பாதியாகக் கிழிந்து, பெரியண்ணன் பின்பக்கமாக விழுந்து தப்பித்துவிட்டார். தங்கராசு ஓடிப்போய் ஃபேன் வயரைப் பிடுங்கினார். அங்கே மேடையில் இளவேனில் இரண்டு குச்சியையும் ஓங்கியபடி அப்படியே நிறுத்திவிட்டாள். பாடுகிற பையன் திரும்பி அவளைப் பார்த்தான். கூட்டம் இதுவும் பாட்டில் சேர்த்திதான் என்று நினைத்துக் கொஞ்சம் கத்திவிட்டு, பிறகு அடங்கியது. கடல் இரைவது கேட்டது.

மகள் பார்ப்பதை இசக்கிமுத்து பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில், முன்வரிசையில், மூன்று வருஷத்துக்கு முன்னால் கூடத்தில் நின்றது போலவே அப்பன் கையைக் குறுக்காகத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இத்தனை தூரம் தேடி வந்து, இத்தனை பேருக்கு நடுவில், மறுபடியும் நிறுத்து என்கிறான். அவளுக்கு அப்படித்தானே தெரியும்? அவள் முகம் சுருங்கியதை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தார்.

"இல்லட்டி, ஒனக்கில்ல, ஃபேனு... ஃபேனுக்கு..." என்று கத்தினார். கடல் காற்றில் அது பாதி வழி கூடப் போயிருக்காது.

"ஏங்க, எடுத்து விடுங்க!" என்று சுப்புலட்சுமி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவருக்கு அது கேட்கவில்லை. கையை இறக்கிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். இளவேனில் குச்சிகளைக் கீழே போடவில்லை. எழுந்து போகவும் இல்லை. ஓங்கிய கையை ஓங்கியபடியே வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நின்ற பிள்ளையை அவருக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

கீழே மண்ணில் உட்கார்ந்திருந்த பெரியண்ணன், கிழிந்த துண்டைப் பிடித்த கையாலேயே அண்ணனைப் பார்த்து வட்டம் போட்டுக் காட்டினார். 'நீங்க போடுங்கண்ணே' என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

இசக்கிமுத்து வலது கையைத் தூக்கினார். முதல் வட்டம் சின்னதாக, கோணலாக வந்தது. அது போதாது என்று பட்டது. குதிகாலை எக்கி, கையை முழுக்க நீட்டி, அந்தத் திடலில் கடைசியில் நிற்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக ஒரு வட்டம் போட்டார். இன்னொன்றும் போட்டார். அழுதுகொண்டே போட்டார்.

இளவேனில் வலது கைக் குச்சியை மேலே தூக்கி, பதிலுக்கு ஒரு வட்டம் போட்டாள்.

சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஆளாளுக்குக் கையைத் தூக்கி வட்டம் போட்டார்கள். மயில் கழுத்துத் தலைக்காரனும் போட்டான். இளவேனில் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் குச்சியால் அம்மா கையில் இருந்த டப்பாவைச் சுட்டி, புருவத்தைத் தூக்கினாள். சுப்புலட்சுமி டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி, "முந்திரிக்கொத்துத்தான்! ஒனக்குத்தான்!" என்று கூவினாள்.

இளவேனில் இரண்டு குச்சியையும் ஒன்றோடொன்று தட்டினாள். பெல்ட் நகர்ந்தது.

இசக்கிமுத்து இரும்புத் தடுப்பில் உள்ளங்கையை வைத்தார். சட்டத்தில் வைத்துப் பார்க்கிற அதே கை. ட்ரம்ஸ் இரும்பு வழியாக ஏறி உள்ளங்கைக்கு வந்தது, முழங்கைக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. இப்போது தனித்தனியாகத் தெரிந்தது. இது வலது கை, இது இடது கை, இது கால். முனகல் எங்கும் இல்லை. பெரியண்ணன் சொன்னது சரிதான், ஒழுங்காகப் பராமரித்த பெல்ட் மாதிரியேதான் ஓடியது.

சுப்புலட்சுமி அவர் காதோரம் வாயை வைத்து, டவுன்ஷிப் குரலில் கத்தினாள். "கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றார் இசக்கிமுத்து. இந்தத் தடவை அது பொய்யில்லை.